கத்தகானா: ஒலிக்கென்று ஒதுங்கி நிற்கும் எழுத்து

ஜப்பானிய மொழி மூன்று வகை எழுத்துகளை ஒரே வாக்கியத்துக்குள் கலந்து எழுதப்படுவது. பெயர், வினையடி முதலிய பொருள் தாங்கும் பகுதிகளைச் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் ஏற்கின்றன. வேற்றுமை உருபு, வினைவிகுதி, இடைச்சொல் போன்றவற்றை வளைவும் நெளிவுமான ஹிரகானா எழுத்துகள் ஏற்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, நேர்கோடும் கூர்முனையுமாக, பார்த்த அளவிலேயே வேறென்று தெரியும்படி நிற்பது கத்தகானா. ஹிரகானாவும் கத்தகானாவும் அசையெழுத்துகள், அதாவது தமிழின் உயிர்மெய்யைப் போல ஒரு மெய்யையும் ஓர் உயிரையும் சேர்த்து ஒரே குறியால் காட்டுபவை. இரண்டிலும் இன்று புழங்கும் அடிப்படை எழுத்துகள் 46. இரண்டும் குறிக்கும் ஒலிகளும் ஒன்றே. ஒரே ஒலிவரிசைக்கு இரண்டு எழுத்துவரிசைகள் எதற்கு என்று கேட்டால், கத்தகானா அயல்மொழிச் சொற்களுக்கு உரியது என்று தொடக்கநிலைப் பாடநூல்கள் விடை சொல்கின்றன. அந்த விடை தவறன்று. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் கடைசி எண்பது ஆண்டுகளுக்கே அது ஓரளவு பொருந்துகிறது, அப்போதும் ஒரு நாளிதழின் பக்கத்திலுள்ள கத்தகானாச் சொற்களில் பலவற்றை விளக்காமலே விட்டுவிடுகிறது. ஒரு சொல்லின் ஒலியை அதன் பொருளிலிருந்தும் சுற்றியுள்ள எழுத்திலிருந்தும் சற்றே பிரித்து நிறுத்துவதற்கான எழுத்து என்று கத்தகானாவைக் கொண்டால் மட்டுமே அதன் பிறப்பும் இன்றைய வழக்கும் ஒரே நூலில் கோக்கப்படும்.

கத்தகானா பிறந்த இடம் பௌத்த மடங்களின் பாட அறை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாரா நகரத்து மடங்களில் சூத்திரங்களும் அவற்றின் உரைகளும் சீன மொழியிலேயே பயிலப்பட்டன. சீனத்தில் வினை செயப்படுபொருளுக்கு முன்னால் வரும். ஜப்பானியத்தில், தமிழைப் போலவே, வினை வாக்கியத்தின் இறுதியில் வரும், உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆகவே சீன வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயால் ஜப்பானியமாகப் படிக்க வேண்டியிருந்த துறவிகள், எந்தச் சொல்லை முன்னே கொள்வது, எந்த உருபை எங்கே சேர்ப்பது, அரிய எழுத்தை எப்படி ஒலிப்பது என்பதையெல்லாம் மூலத்தின் ஓரத்திலும் வரிகளின் இடுக்கிலும் குறித்துவைத்தார்கள். சில வேளைகளில் மையைக்கூடப் பயன்படுத்தாமல், தந்தம் அல்லது மூங்கிலால் ஆன எழுதுகோலின் முனையைத் தாளில் அழுத்திப் பள்ளமாகவே கீறினார்கள். சீன எழுத்தின் பொருளைக் கழித்துவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும் மன்யோகானா என்ற முறை அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆனால் ஆசிரியர் விளக்கிக்கொண்டே போகும் வேகத்தில், விரல் நுழையாத வரியிடுக்கில், முழு எழுத்தையும் எழுதி முடிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. எனவே எழுத்தின் ஒரு துண்டு மட்டும் போதுமென்று ஆயிற்று: இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எழுத்திலிருந்து ஒரு சதுரத்தை எடுத்து ‘ரோ’ என்றார்கள், கூரை போன்ற தலைப்பகுதியை மட்டும் எடுத்து ‘உ’ என்றார்கள், ஒரே வடிவம் இருமுறை வரும் எழுத்தில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை ‘த’ ஆக்கினார்கள். ‘கத்த’ என்ற முன்னொட்டு முழுமை பெறாதது, ஒரு பக்கமானது என்று பொருள்படுவது இதனால்தான்.

ஹிரகானா வேறு வழியாக வந்தது. அது முழு எழுத்தையும் கை தூக்காமல் ஓட்டி எழுதி, எழுதி, தேய்ந்து நெகிழ்ந்த வடிவம். இரண்டு எழுத்துவரிசைகளின் வேறுபாட்டையும் ‘க’ என்ற ஒலியில் நேருக்கு நேர் காணலாம். இரண்டுக்கும் மூலம் ‘கூட்டுதல்’ என்ற பொருளுடைய ஒரே சீன எழுத்து, ஹிரகானா அதன் இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்த்தே குழைத்து எழுதுகிறது, கத்தகானா இடப்பாதியை வெட்டியெடுத்து மற்றதைத் தாளிலேயே விட்டுவிடுகிறது. முன்னதில் தூரிகையின் ஓட்டம் தெரிகிறது. பின்னதில் படிப்பவனின் அவசரம் தெரிகிறது.

அந்த மடங்களில் பயிலப்பட்டது சீனம் மட்டுமன்று. மந்திரங்களைச் சரியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையையும் அதன்வழி சமஸ்கிருத ஒலியியலையும் துறவிகள் கற்றார்கள். அந்தக் கல்வியின் தடம் இன்றைய ஜப்பானிய அகராதி வரிசையில் அப்படியே இருக்கிறது. கோஜூவோன், அதாவது ஐம்பதொலி, எனப்படும் அந்த வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்கிறது. ஹகர வரிசை பழைய ஜப்பானியத்தில் பகரமாக இருந்தது என்பதே மொழிநூலாரின் பொதுவான முடிவு. அதை மனத்தில் கொண்டு அந்த வரிசையை மீண்டும் படிக்கும் தமிழருக்கு, க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று தம் அரிச்சுவடியே சில எழுத்துகள் குறைந்து ஒலிப்பது கேட்கும். வாயின் பின்புறத்தில் பிறக்கும் ஒலியில் தொடங்கி இதழில் முடியும் அந்த ஒழுங்கு இந்தியாவிலிருந்து இரு திசைகளிலும் சென்றது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

ஹெய்யான் காலத்தில் கவிதை, காதல் கடிதம், கதை ஆகியவை ஹிரகானாவின் உலகம். பாடம், உரை, குறிப்பு ஆகியவை கத்தகானாவின் உலகம். ‘த்ஸுத்ஸுமி சூனகோன் மோனொகதாரி’ என்ற கதைத் தொகுப்பில் பூச்சிகளை நேசிக்கும் இளமங்கை ஒருத்தி வருகிறாள். கம்பளிப்புழுக்களைப் பெட்டியில் வைத்து வளர்க்கும் அவள், தனக்கு வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதும்போது ஹிரகானாவை இன்னும் எழுதப் பழகாததால் கத்தகானாவில் எழுதியதாகக் கதாசிரியர் சொல்கிறார். முரட்டுத் தாளில், கோணல் எழுத்தில் வந்த அந்த விடை அவையோரின் மெல்லிய சுவைக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்திருக்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அக்காலத்து வாசகருக்கு இருக்கவில்லை. எழுத்தின் வகையே அந்தப் பெண்ணின் இயல்பைச் சொல்லிவிட்டது.

கத்தகானா எவ்வளவு தூரம் வாய்மொழிக்கு நெருங்கி நின்றது என்பதைக் காட்ட 1275ஆம் ஆண்டின் ஓர் ஆவணத்தைக் காட்டிலும் சிறந்தது கிடைப்பது அரிது. இன்றைய வாகயாமா மாகாணத்தில் அடங்கும் அன்றைய கீ நாட்டின் அதேகவா பண்ணை நிலத்து உழவர்கள், தங்கள்மீது அதிகாரம் செலுத்திய யுவாசா குலத்து நிலக் காவல் அதிகாரியின் கொடுமைகளை 13 பத்திகளாக எழுதி நிலவுடைமையாளரிடம் முறையிட்டார்கள். மரம் வெட்டித் தரவேண்டிய வேளையில் அதிகாரி தங்களை வேறு வேலைக்கு இழுத்துச் செல்கிறார் என்றும், மறுத்தால் பெண்களைப் பிடித்து அடைத்து, காதை அறுப்பதாகவும் மூக்கைச் சிதைப்பதாகவும் கூந்தலை மழித்துத் துறவினி ஆக்குவதாகவும் மிரட்டுகிறார் என்றும் அவர்கள் சொல்லும் அந்த முறையீடு ஏறத்தாழ முழுவதும் கத்தகானாவால் ஆனது. எழுத்துகள் தடுமாறுகின்றன, சொற்கள் உச்சரித்தபடியே வந்து விழுகின்றன, வாக்கியங்கள் மூச்சு வாங்கி வாங்கித் தொடர்கின்றன. வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோ இதையும், தெய்வத்தின் முன் எடுத்த உறுதிமொழிகள், அருள்வாக்குகள், சாட்சியின் வாக்குமூலங்கள் போன்ற பிற ஆவணங்களையும் ஒருங்கே வைத்து, பேசிய சொல்லைப் பேசியவாறே தாளில் நிறுத்த வேண்டிய இடங்களில் இடைக்கால ஜப்பான் கத்தகானாவை நாடியது என்று வாதிட்டார். எழுநூற்று ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த உழவர்களின் குரல் கேட்கிறதென்றால், அவர்கள் எழுத்து நயத்தை நாடாமல் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டதே காரணம்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுக்கீசியர் வந்தபோது அயல்சொற்கள் நேராகக் கத்தகானாவுக்குள் போய் அமர்ந்துவிடவில்லை. ‘பான்’ என்ற ரொட்டி, ‘தபாகோ’ என்ற புகையிலை, ‘கப்பா’ என்ற மழைமேலாடை, ‘தெம்புரா’ என்ற பொரியல் யாவும் அக்காலத்தில் வந்தவை. (இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பதும் அதே போர்ச்சுக்கீசியச் சொல்தான், ஒரே கப்பல்வழி இரண்டு கரைகளிலும் இறங்கியது.) இவற்றுள் தபாகோவும் தெம்புராவும் இன்றும் கான்ஜியிலோ ஹிரகானாவிலோ எழுதப்படுவதைக் காணலாம், நெடுங்காலம் பழகி வீட்டுச் சொல்லாகிவிட்டதால் அவற்றை அயலென்று பிரித்துக்காட்ட எவருக்கும் தோன்றுவதில்லை. அயல்பெயர்களை ஒழுங்காகக் கத்தகானாவில் எழுதியவராகப் பெரிதும் நினைக்கப்படுபவர் அறிஞர் அராய் ஹாகுசேகி. 1708இல் யாகுஷிமா தீவில் தன்னந்தனியே வந்திறங்கிப் பிடிபட்ட இத்தாலியப் பாதிரியார் ஜொவான்னி பத்திஸ்தா சிதோத்தியை அவர் 1709இல் எடோ நகரத்தில் விசாரித்தார். அந்த உரையாடலில் கேட்ட நாடு, நகர், மன்னர் பெயர்களையெல்லாம் தம் ‘செய்யோ கிபுன்’ நூலில் கத்தகானாவில் பதிந்தார். காதால் கேட்டதை, பொருள் தெரியாவிட்டாலும், கேட்டவாறே எழுதிவைக்கும் கருவி என்ற முறையிலேயே அவர் அதை எடுத்துக்கொண்டார் என்பது இங்கே கருதத்தக்கது.

மெய்ஜி காலம் தொட்டு இரண்டாம் உலகப்போர் வரை கத்தகானா அரசின் எழுத்தாக இருந்தது என்பதை இன்றைய இளம் ஜப்பானியரில் பலரும் வியப்போடுதான் அறிந்துகொள்கிறார்கள். 1889இன் அரசியலமைப்பு, 1890இன் கல்விக்கான பேரரசு ஆணை, சட்டத் தொகுப்புகள், படைக் கட்டளைகள் எல்லாம் கான்ஜியும் கத்தகானாவும் கலந்த நடையில் எழுதப்பட்டன. உருபுகளும் விகுதிகளும்கூட அங்கே கத்தகானாவே. பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்றதும் கத்தகானாதான். நேர்கோடுகள் பிஞ்சுக் கைக்கு எளியவை என்று கருதப்பட்டது. கவிஞர் மியாசாவா கென்ஜி 1931இல் நோய்ப்படுக்கையில் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து, இறந்தபின் கண்டெடுக்கப்பட்டு, இன்று நாட்டிலேயே அதிகம் மனப்பாடமாகச் சொல்லப்படும் பாடல்களுள் ஒன்றாகிவிட்ட ‘அமே நி மோ மகேசு’ கத்தகானாவில் இருப்பதை நோக்கி, அதில் ஏதோ புதுமை உத்தி இருப்பதாக இன்றைய வாசகர் நினைப்பதுண்டு; அந்தத் தலைமுறைக்கு அது பள்ளியில் முதலில் பழகிய எழுத்து, தனக்குத்தானே உறுதி சொல்லிக்கொள்ளும் ஒருவர் கைக்கு இயல்பாக வரக்கூடிய எழுத்து. 1920இல் யமஷிதா யோஷிதாரோ தொடங்கிய கானமொஜி இயக்கம் கான்ஜியையே கைவிட்டு எல்லாவற்றையும் கத்தகானாவில் இடமிருந்து வலமாக எழுத வேண்டுமென்று கோரியது.

போர் முடிவை அறிவித்த 1945 ஆகஸ்ட் 14ஆம் நாளிட்ட பேரரசரின் ஆணையும் கான்ஜி–கத்தகானா நடையில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான புதிய அரசியலமைப்பு ஹிரகானாவில், பேச்சுநடைக்கு நெருங்கிய மொழியில் வந்தது. 1947இலிருந்து பள்ளிப் பாடமும் ஹிரகானாவில் தொடங்கியது. ஆட்சி மாறியதை எழுத்தே சொன்னது என்றால் மிகையில்லை. பழைய சட்டங்கள் மட்டும் பழைய கோலத்தில் நீடித்தன; குடிமைச் சட்டத்தின் முற்பகுதிகள் ஹிரகானாவுக்கு மாற்றப்பட்டது 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். உருபுகளையும் விகுதிகளையும் ஹிரகானா எடுத்துக்கொண்ட பிறகு கத்தகானாவுக்கு எஞ்சிய பணிகளுள் அயல்சொல் எழுதுவது ஒன்று. பாடநூல் சொல்லும் விடை இந்த எச்சத்தைத்தான் முழுமையென்று காட்டுகிறது.

அயல்சொல் கத்தகானாவுக்குள் வரும்போது நடக்கும் மாற்றத்தைத் தமிழ்ப் பெயர் ஒன்றிலேயே பார்க்கலாம். 1995இல் வெளிவந்த ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998இல் ஜப்பானியத் திரையரங்குகளில் ஓடியபோது, தலைப்பின் முதற்பகுதியாக ‘முத்து’ என்ற பெயரே கத்தகானாவில் நின்றது. ‘மு’ எழுதுவதில் சிக்கல் இல்லை. அடுத்த ‘து’தான் சிக்கல், ஜப்பானியத் தகர வரிசை த, சி, த்ஸு, தெ, தொ என்று செல்வதால் அதில் ‘து’ என்ற ஒலிக்கு எழுத்தே கிடையாது, உகரத்தோடு சேர்ந்த தகரம் ‘த்ஸு’ ஆகிவிடுகிறது. எனவே ‘தொ’ என்ற எழுத்தை எழுதி, அதன் பக்கத்தில் ‘உ’ என்ற எழுத்தைச் சிறிதாக, பாதியளவில், அடிவரியை ஒட்டி எழுதினார்கள். பெரிய எழுத்தின் உயிரை நீக்கிச் சின்ன எழுத்தின் உயிரை ஏற்றிப் படி என்பது அதன் பொருள். ஜப்பானிய ஒலிப்பில் இல்லாத ஒலிகளுக்காக இப்படிப் பெரிதும் சிறிதுமாக எழுத்துகளைக் கூட்டும் முறைகளை 1991ஆம் ஆண்டு அமைச்சரவை அறிவிப்பு இரண்டு அட்டவணைகளாக வகுத்தது: பொதுவாகப் பயன்படுத்தத் தக்கவை முதல் அட்டவணையிலும், மூல ஒலிக்கு இன்னும் நெருங்க விரும்பினால் பயன்படுத்தத் தக்கவை இரண்டாவதிலும் உள்ளன. முத்துவின் ‘து’ இரண்டாவதைச் சேர்ந்தது. நடிகரின் பெயரில் உள்ள நெடில் ‘கா’வுக்கு ஒரு நீளக்கோடு சேர்க்கிறார்கள், ஒரு மாத்திரை நீட்டு என்று சொல்லும் அந்தக் கோடு கிடைவரியில் படுத்திருக்கும், மேலிருந்து கீழாக எழுதும் வரியில் எழுந்து நிற்கும். ஈற்றிலுள்ள மெய்யைத் தனியாக எழுத முடியாததால் ‘தொ’ என்று ஓர் உயிர் சேர்கிறது. ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் ஒரே ரகர வரிசைக்குள் போய்விடும். ‘தமிழ்’ என்பதும் ஆங்கில வழியாகப் போய் ‘தமிரு’ என்றே எழுதப்படுகிறது. இதைக் குறையென்று எண்ண வேண்டியதில்லை. கத்தகானா அயல் ஒலியின் படம் அன்று, ஜப்பானிய வாய் ஒலிக்கக்கூடிய வடிவத்தில் அந்தப் பெயருக்குத் தரப்படும் இருக்கை.

விதி வகுத்தாலும் வழக்கு தன் போக்கில் செல்கிறது. கானன் நிறுவனத்தின் பெயரில் சிறிதாக எழுத வேண்டிய ‘ய’ பெரிதாகவே எழுதப்படுகிறது. சிறிதாக எழுதினால் அதன் மேலே ஒரு வெற்றிடம் விழுந்து ஓட்டைபோல் தெரியும் என்பது நிறுவனம் தரும் விளக்கம். ஃபுஜிஃபிலிமின் ‘இ’யும் பெரியது. ‘கம்ப்யூட்டர்’ போன்ற சொற்களின் ஈற்றில் நீளக்கோடு வேண்டுமா, வேண்டாமா என்பதில் பொறியாளர்களும் நாளிதழ்களும் நெடுங்காலம் பிரிந்தே நின்றார்கள். 2008இல் மைக்ரோசாஃப்ட் தன் ஜப்பானிய மென்பொருள்களில் கோட்டைச் சேர்க்க முடிவு செய்தது செய்தியாயிற்று. அயல்சொற்கள் அளவுக்கு மீறிவிட்டன என்ற முறையீடும் ஓயவில்லை. தேசிய ஜப்பானிய மொழி நிறுவனம் 2003 முதல் 2006 வரை, புரியாத கத்தகானாச் சொற்களுக்கு மாற்றுச்சொற்களை வெளியிட்டது. 2013இல் முதியவர் ஒருவர், அயல்சொற்களை மிகுதியாகப் பயன்படுத்தித் தமக்கு மனவேதனை தந்ததாக என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்தார், அது தள்ளுபடியாயிற்று. மருத்துவமனையிலும் நகராட்சி அலுவலகத்திலும் உயிருக்கும் உரிமைக்கும் தொடர்பான சொற்கள் வெறும் ஒலியாக நின்றுவிடும்போது பாதிக்கப்படுவோர் முதியவர்களே என்பதால், அந்த முறையீட்டைத் தூய்மைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அயல்சொல்லல்லாத கத்தகானாவை நோக்கினால் எழுத்தின் இயல்பு இன்னும் துலங்கும். தமிழின் இரட்டைக்கிளவிக்கு இணையான சொற்கள் ஜப்பானியத்தில் ஏராளம்; அவற்றுள் நாய் குரைப்பது, மழை கொட்டுவது போல் காதுக்குக் கேட்கும் ஓசைகளைக் கத்தகானாவிலும், புன்முறுவல், வழுவழுப்பு போல் கேளா நிலைகளைக் குறிப்பவற்றை ஹிரகானாவிலும் எழுதுவது பள்ளி மரபு. மாங்கா எனப்படும் சித்திரக்கதைகள் இந்த எல்லையைத் தாண்டிச் சென்று, எந்த ஓசையும் இல்லாத அமைதிக்கே ‘ஷீன்’ என்று ஓர் ஒலியைக் கத்தகானாவில் எழுதிக் காட்டுகின்றன. விலங்கு, தாவரப் பெயர்களை அறிவியல் எழுத்தில் கத்தகானாவில் எழுதுவது நெறி. மனிதனைக் குறிக்கும் ‘ஹிதோ’ என்ற சொல் கான்ஜியில் வந்தால் ஆள், பிறர், மாந்தர். கத்தகானாவில் வந்தால் குரங்கினத்துக்கு அண்மையிலுள்ள ஓர் உயிரினம். சொல் ஒன்றே, ஒலி ஒன்றே. எழுத்தை மாற்றியதும் அதன்மேல் படிந்திருந்த உறவும் மதிப்பும் விலகி ஆய்வுமேசைக்கு வந்துவிடுகிறது. தெருவில் நடந்தால் தோல் மருத்துவரின் பெயர்ப்பலகையில் மூன்றெழுத்துச் சொல்லின் நடுவெழுத்து மட்டும் கத்தகானாவாக இருப்பதைக் காணலாம். 15 கோடுகள் கொண்ட அந்தக் கான்ஜியைத் தொலைவிலிருந்து படிப்பது கடினம் என்பதால் இரண்டு பக்கமும் கான்ஜி காவல் நிற்க ஒலி மட்டும் நடுவே வருகிறது.

மக்கட்பெயர்களில் கத்தகானா பிடிக்கும் இடம் இன்னும் நுண்மையானது. நாகசாகியில் 1954இல் பிறந்து சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்ற எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவின் பெயர் ஜப்பானியப் பெயர்தான், அதற்குக் கான்ஜியும் உண்டு. ஆயினும் ஜப்பானியப் பதிப்புகளின் அட்டையில் அது கத்தகானாவில், குடும்பப்பெயர் பின்னாகவும் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியோடும் நிற்கிறது. பிறந்தவர் இங்கே, எழுதுபவர் அங்கே என்பதை எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் அந்தப் புள்ளி சொல்கிறது. மாறாக, பேஸ்பால் வீரர் சுசுகி இச்சிரோ 1994இல் தம் இயற்பெயரை மட்டும் கத்தகானாவில் பதிவு செய்துகொண்டபோது, நாட்டில் மிகப் பெருவழக்கான ஒரு குடும்பப்பெயரின் கூட்டத்திலிருந்து தனித்து ஒலிக்கும் பெயராக அது மாறிற்று. சீனப் பெயர்களையும் கொரியப் பெயர்களையும் கான்ஜியில் எழுதி ஜப்பானிய ஒலியில் படிக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஜப்பானில் வாழ்ந்த கொரியப் பாதிரியார் சோய் சாங்-ஹ்வா, தம் பெயரைத் தம் மொழியின் ஒலியில் சொல்ல வேண்டுமென்று 1975இல் என்எச்கேமீது வழக்குத் தொடுத்து, இழப்பீடாக ஒரு யென் மட்டும் கேட்டார். 1988இல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் ஒருவருடைய பெயரைச் சரியாக ஒலிக்கப்பெறுவது சட்டத்தின் காப்புக்கு உரிய நலன் என்று ஒப்புக்கொண்டது. இன்று கொரியப் பெயர்கள் கொரிய ஒலியில் கத்தகானாவில் எழுதப்படுவதும் படிக்கப்படுவதும் இயல்பாகிவிட்டது. ஒரு மனிதருக்கு அவர் தாய் அழைத்த ஒலியைத் திருப்பித் தரும் எழுத்தாகவும் கத்தகானா இருக்கக்கூடும் என்பதை அந்த ஒரு யென் வழக்கு நிலைநாட்டியது.

ஊர்ப்பெயர் ஒன்று கான்ஜியை விட்டுக் கத்தகானாவுக்கு வருவது அதைவிடக் கனமான செயல். ஹிரோஷிமா என்று கான்ஜியில் எழுதினால் அது மாகாணத் தலைநகர், சிப்பிக்கும் பேஸ்பாலுக்கும் பெயர்பெற்ற ஊர். கத்தகானாவில் எழுதினால் அணுகுண்டு விழுந்த முதல் நகரம், அமைதி வேண்டும் நகரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தம் குடும்ப வீட்டில் இருந்து உயிர் பிழைத்த எழுத்தாளர் ஹரா தமிகி, கண்டவற்றை அந்த நாள்களிலேயே சிறு குறிப்பேட்டில் கான்ஜியும் கத்தகானாவுமாகப் பதிந்தார். அதிலிருந்து எழுந்த ‘நத்ஸு நோ ஹன’ 1947இல் வெளிவந்தது. அந்தக் கதை ஹிரகானா உரைநடையில் அமைதியாக நகர்கிறது. வண்டியில் அமர்ந்து எரிந்த நகரத்தின் ஊடே செல்லும் இடத்தில் மட்டும், இங்குப் பட்ட உணர்வைக் கத்தகானாவில் கிறுக்கிவிடுவதே பொருந்தும் என்று கதைசொல்லி நின்று சொல்லிவிட்டு, சில வரிகளைக் கத்தகானாவில் எழுதுகிறார். உருபுகளின் மென்மையும் வாக்கியத்தின் இழைவும் அங்கே அறுந்துபோகின்றன. கண் பார்த்ததற்கும் மனம் பொருள் கொள்வதற்கும் இடையில் விழுந்த பிளவை, வேறெந்த மொழியின் எழுத்தாளரும் செய்ய இயலாத வகையில், எழுத்தை மாற்றியே அவர் காட்டினார். 2011இன் அணுஉலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவின் பெயரும் கத்தகானாவில் எழுதப்படலாயிற்று. ஆனால் அங்கு வாழ்வோரில் பலர் அதை விரும்பவில்லை. தாங்கள் வயலும் வீடும் வைத்திருக்கும் ஊரை ஒரு பேரழிவின் பெயராக மட்டும் சுருக்க வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். வெளியூர் எழுத்தாளர்கள் அதற்குச் செவிசாய்ப்பதே முறை.

இயந்திரங்களின் வரலாறும் கத்தகானாவின் வரலாறே. தந்தி கத்தகானாவில்தான் போயிற்று; உறவினர் உயிர் ஊசலாடுவதையும் தேர்வில் வென்றதையும் அந்தக் கோணல் எழுத்துகளே வீடு வீடாகக் கொண்டுசென்றன. 1969இல் வகுத்த கணினிக் குறியீட்டுத் தரம் ஆங்கில எழுத்துகளோடு 63 கத்தகானா குறிகளுக்கு மட்டும் இடம் தந்தது. கான்ஜிக்கான தரம் 1978இல்தான் வந்தது. அந்தப் பாதியகலக் கத்தகானா வங்கிகளின் பணப்பரிமாற்றத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெறுநரின் பெயர் அதில்தான் செல்லும், ‘க’வை வல்லொலியாக்காமல் மெலிவாக ஒலிக்கச் செய்யும் இரண்டு சிறு கீற்றுகள்கூடத் தனியாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வெளிநாட்டவரின் பெயரில் ஒரு நீளக்கோடு மாறினாலும் பணம் திரும்பிவிடக்கூடும். அரசுப் படிவங்களில் பெயருக்கு மேலுள்ள கட்டத்தில் ‘ஃபுரிகானா’ என்று இருக்கும், அதாவது கான்ஜிப் பெயரை எப்படிப் படிப்பது என்று காட்டும் ஒலிக்குறிப்பு; அந்தத் தலைப்பு ஹிரகானாவில் அச்சாகியிருந்தால் ஹிரகானாவில் நிரப்ப வேண்டும், கத்தகானாவில் அச்சாகியிருந்தால் கத்தகானாவில். குடும்பப் பதிவேட்டில் மட்டும் பெயரின் ஒலியைப் பதிவு செய்வது நெடுங்காலம் கட்டாயமாக இருக்கவில்லை. 2025 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், நாட்டின் ஒவ்வொரு குடிமகனின் பெயருக்கும் கத்தகானாவில் ஒலிக்குறிப்பைச் சேர்க்கிறது. நாரா துறவிகள் சூத்திரத்தின் ஓரத்தில் செய்ததையே அரசு இப்போது பதிவேட்டில் செய்கிறது.

ஹொக்கைடோவின் தொல்குடிகளான ஐனு மக்களின் மொழிக்குக் கத்தகானா வேறொரு வகையில் நீட்டப்பட்டது. ஐனு மொழியில் அசையின் ஈற்றில் க், ப், ம், ர் போன்ற மெய்கள் தாராளமாக வரும். ஜப்பானியக் கத்தகானாவால் அவற்றை எழுத இயலாது, உயிர் சேர்த்து எழுதினால் சொல்லே மாறிப்போகும். எனவே ஈற்று மெய்க்கெல்லாம் சிறிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். ஈற்று ரகரத்துக்கு முன்னால் வரும் உயிரைப் பொறுத்து, அகரத்துக்குப் பின் சிறிய ‘ர’, ஒகரத்துக்குப் பின் சிறிய ‘ரொ’ என்று எழுதுவது வழக்கம். முத்துவின் ‘து’வைப் போன்ற ஒலி ஐனுவிலும் உண்டு, அதைச் சிலர் ‘தொ’வும் சிறிய ‘உ’வுமாக எழுதுகிறார்கள், சிலர் ‘தொ’வின் தோளில் ஒரு சிறு வட்டம் இட்டு எழுதுகிறார்கள். அந்த வட்டம் பகர ஒலியைக் காட்டுவதற்காக ஜப்பானில் இயேசு சபையார் 1598இல் அச்சிட்ட அகராதியில் ஒழுங்காக இடம்பெற்றது. இருபது ஆண்டு முன்னர் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டவர்களும் அதே சபையினரே. ஐனுவுக்கான 16 சிறிய எழுத்துகள் 2002இல் யூனிகோடில் சேர்ந்த பின்னரே கணினியிலும் கைப்பேசியிலும் அந்த மொழியை முறையாக எழுத வழி பிறந்தது. ஜப்பானியப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகத் தம் மொழியைப் பேச விடாமல் வளர்க்கப்பட்ட மக்களுக்கு, ஆண்டவர்களின் எழுத்தே தம் மொழியைத் தாங்கும் கலமாக அமைந்தது கசப்பில்லாத செய்தியன்று; சிலர் அதனால் ரோம எழுத்தையே விரும்புகிறார்கள். 2020 ஜூலையில் ஷிராவோய் நகரில் திறக்கப்பட்ட தேசிய ஐனு அருங்காட்சியகத்தில் விளக்கப்பலகைகளின் முதல் மொழி ஐனு. அது கத்தகானாவில், அந்தச் சிறிய எழுத்துகளோடு எழுதப்பட்டிருக்கிறது, ஜப்பானியம் அதற்கு அடுத்ததாக வருகிறது.